யோசனைப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

"டைலருங்களுக்கு வேலைல ஆர்வமே இல்ல. யோசனைப் பெட்டி வச்சோம், ஒரு சீட்டுகூட விழல." நேற்று ஒரு கூட்டத்தில் ஒரு பனியன் கம்பெனி மேலாளர் இப்படிப் பேசினார். அதற்குக் கைதட்டு வேறு. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திருப்பூர் பவர் டேபிளில், அதாவது தையல் பிரிவில், கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி) வைப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பீஸுக்கு அரை நிமிடம் என்றால் மணிக்கு 120, எட்டு மணி நேரத்துக்கு 960. எல்லாம் அதே ஓவர்லாக் மெஷின், அதே வளையம். கழுத்துச் சுற்றைவிட ரிப் கொஞ்சம் குறைவாகத்தான் வெட்டியிருக்கும். அதைச் சீராக இழுத்துக் கொடுத்துத் தைக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இழுபட்டால் கழுத்து அலையடிக்கும். லைக்ரா ரிப்பை ரோலிலிருந்து பிரித்துப் போட்டுத் தளர விடாமல் வெட்டினால், பிறகு சுருங்கிக் கழுத்து இறுகிவிடும். இது முதலில் தெரிவது அவர் விரலுக்குத்தான். செக்கிங் மேசைக்கு வருவதற்குள் பண்டல் பண்டலாகத் தைத்து முடிந்திருக்கும்.

பிறகு ஏன் சொல்வதில்லை? சொன்னால் மெஷின் நிற்கும். டார்கெட் போர்டில் 120க்குப் பதில் 90 என்று விழும். ஏன் நின்றது என்று எழுத அதில் கட்டமே கிடையாது. சொல்லாவிட்டால் ஆல்டருக்கு (திருத்தத்துக்கு) வரும் பண்டலைப் பிரித்துத் தைக்க வேண்டும். பீஸ் ரேட்டில் அதற்குப் பெரும்பாலும் காசும் வராது.

ஒரே வேலை மூளையை மழுங்கடிக்கிறது என்கிறார்கள். டொயோட்டா கார் லைனிலும் ஒரே வேலைதான். ஆனால் கோளாறு கண்டால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம், டீம் லீடர் உடனே வந்து நிற்பார். அவர்கள் யோசனைத் திட்டம் 1951-லிருந்து நடக்கிறது. சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சம்பளத்தைக் கூட்டினால் போதும்" என்பவர்களுக்கு: கூட்டத்தான் வேண்டும். 1913-ல் ஃபோர்டு கார் கம்பெனி நகரும் லைனைக் கொண்டுவந்தபோது ஆண்டுக்கு 370 சதவீதம், அதாவது நூறு பேர் இடத்துக்கு 370 பேர் என்ற கணக்கில் ஆட்கள் விலகினார்கள். 1914 ஜனவரியில் ஒரு நாள் கூலி 5 டாலர் என்று அறிவித்துத்தான் அவர்களை நிறுத்த முடிந்தது. ஆள் நின்றார்கள். அவர்களிடம் யோசனை கேட்க அந்த 5 டாலரில் வழியில்லை.

வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாமே என்றால், "ஆளை மாற்றி உட்கார வைத்தால் உற்பத்தி விழும்" என்கிறார்கள். விழும், முதல் சில நாள். ரிப் வைப்பவர் பேட்லாக் மெஷினில் அடிமடிப்புத் தைக்கவும் பழகிவிட்டால், ஒருவர் லீவு போட்ட அன்று லைன் முடங்காது. அந்த லாபத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

போர்டில் 'நின்ற காரணம்' என்று ஒரு கட்டம் போடுங்கள். காலையில் பத்து நிமிடம், சம்பள நேரத்திலேயே, லைனுக்கு வந்து கேளுங்கள். முடியாது என்றாலும் மறுநாளே பதில் சொல்லுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வீட்டுக்குப் போய் உலை வைக்கிறவரை ஆர்வமில்லாதவர் என்று மேடையில் சொல்லும் உரிமை, இதையெல்லாம் செய்யாத யாருக்கும் கிடையாது.