தாவரவியல் பூங்கா வெறும் நடைபாதை அல்ல

தாவரவியல் பூங்கா என்பது செடிகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய சாதாரணப் பூங்காதான், காலாற நடப்பதைத் தவிர மக்களுக்கு அதனால் பயன் இல்லை என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. பலரும் அதை ஆமோதித்திருப்பதால் எழுதுகிறேன்.

நடப்பதும் நல்ல பயன்தான். ஆனால் அதோடு முடிவதில்லை. அங்கே இருப்பது பதிவேட்டோடு கூடிய தாவரச் சேகரிப்பு: எந்தச் செடி, எங்கிருந்து, எப்போது வந்தது என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆய்வுக்கும் படிப்புக்கும் அதுதான் அடிப்படை. இத்தாலியின் பாதுவா பூங்கா 1545-இல் தொடங்கப்பட்டதே மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைச் சரியாக இனம் காணக் கற்பதற்காகத்தான். மூலிகை மாறினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து, இல்லையா? அந்தப் பூங்கா இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. லண்டன் கியூ பூங்காவில் உலர்த்திப் பாதுகாத்த தாவர மாதிரிகள் மட்டும் 70 லட்சத்துக்கு மேல்.

சரி, இதை நீங்களே சோதிக்கலாம். அடுத்த முறை போகும்போது ஒரு பலகையைக் குனிந்து பாருங்கள். அறிவியல் பெயர், குடும்பம், தாயகம், அப்புறம் பெரும்பாலும் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண். பல பூங்காக்களில் அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கம் செடி வந்து சேர்ந்த ஆண்டு. அதைக் குறித்துக்கொண்டு அலுவலகத்தில் கேளுங்கள், பதிவேட்டைப் பார்த்து அதன் வரலாற்றைச் சொல்லக்கூடும். உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறதா என்று அறிய, ‘இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம்’ என்ற இணையப் பட்டியலில் பூங்காவின் பெயரைத் தேடினால் போதும். கட்டணம் கிடையாது.