யன்னலைச் சாத்தியது குற்றமா?

பிரான்சின் கோங்க் ஊருக்குச் சுற்றிப்பார்க்கப் போன தம்பி ஒருவர், அங்கே ஒரு வீட்டு யன்னல் சாத்தப்பட்டதை இனவாதம் என்று காணொளியாகப் போட்டிருந்தார். அதைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். அதே வாகனத்தில் நானும் போனேன் என்பதால் இப்போது என்னையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

கோங்க் ஓர் ஊர். சினிமாவுக்குப் போட்ட செட் அல்ல. பிரான்சின் அவேரோன் மலைச்சரிவில், கற்பலகை வேய்ந்த அந்தப் பழைய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சமைக்கிறார்கள், உடுப்புக் காயப்போடுகிறார்கள். அப்படி ஒரு வயதான அம்மாவின் குசினிக்குள் கைபேசியை நீட்டிவிட்டு, அவர் யன்னலைச் சாத்தியதும் ‘பாருங்கள் உறவுகளே, இவர்களின் இனவாதத்தை’ என்றால் என்ன சொல்வது?

தேவாலய வாசலுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம், 124 உருவங்கள். நரகப் பக்கத்தில், கழுத்தில் காசுப்பையோடு தூக்கில் தொங்குகிறான் ஒருவன். (எங்கள் வாகனத்தில் தரிப்பிடக் காசுக்கு வழி முழுக்க முனகியவர் அவனையாவது பார்த்திருக்கலாம்.) வளைவின் விளிம்பைப் பிடித்தபடி சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பதற்கென்றே கல்லில் ஆள் வைத்திருக்கிறார்கள் தம்பி, நாம் வேறு எதற்கு? உள்ளே ஓவியர் பியேர் சூலாஜ் வடிவமைத்து 1994இல் திறந்த 104 யன்னல்கள். நிறமே இல்லாத கண்ணாடி. வெளிச்சம் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். இத்தனை யன்னல் இருக்க, உனக்கு அந்த அம்மாவின் யன்னல்தான் கிடைத்ததா?

‘சுற்றுலாக் காசில்தானே அந்த ஊர் ஓடுகிறது’ என்பீர்கள். ஓரளவுக்கு உண்மை. அதற்காகக் குசினியுமா டிக்கெட்டில் சேர்த்தி? ‘களவில் வளர்ந்த ஊர்தானே’ என்று இன்னொருவர் கெட்டித்தனமாக எழுதியிருக்கிறார். ஆமாம், 9ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அஜான் நகரிலிருந்து புனித ஃபுவாவின் எலும்புகளைக் களவாடி வந்தார். யாத்திரிகர் கூட்டம் அதன் பிறகுதான் பெருகியது. அந்தக் களவுக்கு இந்த அம்மா யன்னலைத் திறந்துவைக்க வேண்டுமா?

‘வெள்ளைக்காரன் நம் ஊரில் படம் எடுப்பதில்லையா?’ இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. போர் முடிந்த மறுவருடம், 2010இல், இலங்கையில் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கூரையில்லாத எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. வெள்ளைக்காரர் இல்லை, தெற்கிலங்கையிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்கள். சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். கிணற்றடியில் நின்ற என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி ஒருவர் கையைக் காட்டினார். நின்றேன். என் வளவுக்குள் நான் தள்ளி நின்றேன். சாத்துவதற்கு எங்களிடம் யன்னல் மிஞ்சியிருக்கவில்லை.

அந்தக் காணொளிக்குச் சிரித்த முகம் போட்டவர்களில் என் அண்ணரும் இருக்கிறார். அவரும் அந்த வீட்டில் பிறந்தவர்தான்.