டாட்ஜர்ஸைத் திட்டுவதற்கு முன்னால் எங்கள் முதலாளியைப் பாருங்கள்

2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் டீமான டாட்ஜர்ஸ், அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை ஜெயித்ததிலிருந்து, சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் பேஸ்பால் பார்க்கிற நம்மாட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பல்லவிதான். "காசைக் கொட்டிக் கப்பை வாங்கிட்டானுங்க. சம்பளத்துக்கு உச்சவரம்பு வெச்சாத்தான் இந்த விளையாட்டு உருப்படும்." அவர்களுடைய நட்சத்திர வீரர் ஒட்டானிக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். அதில் 68 கோடியை 2034-லிருந்துதான் தருவார்கள் என்பது கூடுதல் எரிச்சல்.

என் கட்சி வேறு. நான் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் ரசிகன். எங்கள் டீமை ஊரைவிட்டுக் கிளப்பியது காசை வாரி இறைத்த முதலாளி இல்லை. கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த முதலாளி.

2005-ல் கேப் துணிக்கடைக் குடும்பத்து வாரிசான ஜான் ஃபிஷரும் லூ உல்ஃபும் அத்லெட்டிக்ஸை வாங்கிய விலை 18 கோடி டாலர். இன்றைக்கு ஃபோர்ப்ஸ் பத்திரிகை போடுகிற மதிப்பு நூறு கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் என்ன சாதித்தார்கள்? கோப்பையை விடுங்கள், உலகத் தொடருக்கே ஒருமுறையும் போகவில்லை. 2023-ல் 162 ஆட்டத்தில் 112 தோல்வி. வேறு எந்தத் தொழிலில் இவ்வளவு மோசமாகச் சரக்கு போட்டுவிட்டு இவ்வளவு லாபம் பார்க்க முடியும்?

பேஸ்பாலில் முடியும், ஏனென்றால் அங்கே விற்பனைக்கு இருப்பது விளையாட்டு இல்லை, 30 இருக்கைகள். தேசிய டிவி ஒப்பந்தப் பணம் 30 டீமுக்கும் சமமாகப் பிரிகிறது. அதுபோக ஒவ்வொரு டீமும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொது உண்டியலில் போட, அதையும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்து மாதிரி கடைசி இடத்துக்கு வந்தால் கீழ் லீக்குக்குத் தள்ளுகிற வழக்கமும் கிடையாது. 31-ஆவது இருக்கை வேண்டுமென்றால் இருக்கிற 30 பேரும்தான் கதவைத் திறக்க வேண்டும். 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் சேராது, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. நூறு வருஷம் தாண்டியும் அந்தத் தீர்ப்பு அசையவில்லை.

அது ஏதோ பழைய சட்டக் கதை என்று நினைக்க வேண்டாம், எங்கள் ஊர் வரைக்கும் வந்த விஷயம். நம்மாட்கள் இத்தனை பேர் இருக்கிற ஃப்ரீமாண்டிலேயே ஸ்டேடியம் கட்டப் போகிறோம் என்றுதான் எங்கள் முதலாளிகள் முதலில் கிளம்பினார்கள். 2009-ல் அதைக் கைவிட்டுவிட்டு சான் ஹோசே பக்கம் திரும்பினார்கள். அது எங்கள் எல்லை என்று சான் ஃபிரான்சிஸ்கோ டீமான ஜயண்ட்ஸ் குறுக்கே படுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த எல்லையை 1990 வாக்கில் ஜயண்ட்ஸுக்கு விட்டுக்கொடுத்தவரே அன்றைய அத்லெட்டிக்ஸ் முதலாளி வால்டர் ஹாஸ்தான். பக்கத்து டீம் பிழைத்துப் போகட்டும் என்று காலணா வாங்காமல் கொடுத்தார். அந்தப் பக்கம் ஸ்டேடியம் கட்ட மக்கள் ஆதரவாக ஓட்டுப் போடவில்லை, ஜயண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே தங்கிவிட்டது. எல்லையைத் திருப்பித் தரவில்லை. சான் ஹோசே நகராட்சி 2013-ல் வழக்குப் போட்டுப் பார்த்தது. 1922 தீர்ப்பு இருக்கிற வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.

"ஓக்லாண்டில் கூட்டம் வருவதில்லை, அதனால் போனார்கள்" என்று இன்னமும் சொல்கிறார்கள். 2019 அக்டோபரில் வைல்ட் கார்டு என்கிற நாக்-அவுட் ஆட்டத்துக்கு 54,005 பேர் வந்தார்கள். ஓட்டை உடைசல் ஸ்டேடியம், சாக்கடை பொங்கிய ஸ்டேடியம் என்று ஊரே சிரித்த அதே கொலீசியத்துக்குத்தான். அந்த டீம் 2018, 2019 இரண்டு வருஷமும் 97 ஆட்டம் ஜெயித்த டீம். அதை என்ன செய்தார்கள்? பே ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்த மார்கஸ் செமியனை 2020 முடிவில் போக விட்டார்கள். 2022 மார்ச்சில் முதலாளிகள் லீக்கைப் பூட்டிவைத்த லாக்கவுட் முடிந்த கையோடு மாட் ஓல்சன், மாட் சாப்மன், பாசிட், அடுத்த மாதத்தில் மனாயா என்று டீமையே கூறுபோட்டுப் பிற டீம்களுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே வருஷம் சீசன் டிக்கெட் விலையையும் கூட்டினார்கள். அப்புறம் காலி இருக்கைகளைப் படம் எடுத்துக் காட்டி, பார்த்தீர்களா, ஜனங்களுக்கு ஆர்வமில்லை என்றார்கள்.

2023 ஜூன் 13-ஆம் தேதி ராத்திரியை மறக்க முடியாது. புறக்கணிப்புக்கு நேர்மாறாக, வேண்டுமென்றே ஸ்டேடியத்தை நிறைத்துக் காட்டுவோம் என்று ரசிகர்களே ஆள் திரட்டினார்கள். 27,759 பேர். டீமை விற்றுவிடு என்று எழுதிய பச்சை டி-ஷர்ட் திரும்பிய பக்கமெல்லாம். ரைட் ஃபீல்டு மேளக்காரர்கள் கை ஓயவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் சட்டென்று மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொண்டது, அப்புறம் "டீமை வித்துடு" என்று ஒரே குரலில் எழுந்தது. நல்ல டீமான டாம்பா பேயை 2-1 என்று ஜெயிக்கவும் செய்தோம். இரண்டு நாள் கழித்து பேஸ்பால் லீக்கின் கமிஷனர் ராப் மான்ஃபிரெட், ஒரு ராத்திரியாவது கிட்டத்தட்ட சராசரிக் கூட்டம் வந்ததே என்கிற தொனியில் கிண்டலடித்தார். அந்த வாரமே நெவாடா சட்டசபை, லாஸ் வேகாஸில் ஸ்டேடியம் கட்ட 38 கோடி டாலர் வரைக்கும் பொதுப் பணம் தரச் சம்மதித்தது. நவம்பரில் முதலாளிகள் 30-0 என்று ஓட்டுப் போட்டு அனுப்பிவைத்தார்கள். ஊர் மாறுவதற்கு வாங்க வேண்டிய கட்டணத்தைக்கூடத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். சகோதர பாசம்!

வேகாஸில் கட்டி முடியும் வரைக்கும் சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் உட்காரக்கூடிய மைனர் லீக் மைதானத்தில் குடித்தனம். பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர்கூட இல்லை, வெறும் அத்லெட்டிக்ஸ்.

இப்போது உச்சவரம்புக்கு வருகிறேன். முதலாளிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடிகிறது. உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் முன்பும் ஒருமுறை முரண்டு பிடித்தார்கள். 1994-ல் வேலைநிறுத்தம் வந்து உலகத் தொடரே நடக்காமல் போனது அதனால்தான். இன்றைக்கும் டாட்ஜர்ஸ் சும்மா செலவு செய்துவிட முடியாது. மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் லீக்குக்குக் கட்ட வேண்டிய ஆடம்பர வரியாக 2024-க்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். உள்ளூர் டிவி வருமானத்தில் டீம்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பது நிஜம், மில்வாக்கி போன்ற சின்ன ஊர் டீமின் கஷ்டமும் நிஜம். பகிர்வைக் கூட்டுங்கள், நான் கைதட்டுகிறேன். ஆனால் பகிர்ந்து வாங்கியதைக் களத்தில் செலவழித்தாக வேண்டும் என்ற கீழ்வரம்பு இல்லாமல் கூட்டினால், அது எங்கள் ஃபிஷர் மாதிரி ஆட்களுக்குக் கிடைக்கிற மாதச் சம்பளம்.

சந்தேகம் இருந்தால் 2024 டிசம்பரைப் பாருங்கள். வாங்குகிற பகிர்வுப் பணத்துக்கு ஏற்றபடி சம்பளம் கொடுக்கவில்லையென்றால் வீரர் சங்கம் புகார் கொடுக்கும் என்ற பேச்சு வந்தது. உடனே லூயிஸ் செவெரினோவுக்கு 3 வருஷத்துக்கு 6.7 கோடி டாலர், அதுவரைக்கும் அத்லெட்டிக்ஸ் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். அதற்கு முந்தைய சாதனை 2004-ல் எரிக் சாவேஸுக்குக் கொடுத்த 6.6 கோடி. இருபது வருஷமாக இல்லாத காசு எங்கிருந்து வந்தது? 30 டீமில் பங்குச்சந்தையில் தனியாக இருக்கிற அட்லாண்டா பிரேவ்ஸின் கணக்கைத்தான் நாம் பார்க்க முடியும். மற்றவர்கள் நஷ்டம் என்றால் நஷ்டம் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

உச்சவரம்பு வந்தால் ஊர் பிழைக்கும் என்பதும் கட்டுக்கதை. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் உச்சவரம்பு உண்டு, கீழ்வரம்பும் உண்டு. அந்த லீக்கில் ஆடிய எங்கள் ஓக்லாண்ட் டீம் ரெய்டர்ஸ் என்ன ஆனது? 75 கோடி டாலர் பொதுப் பணத்தை வாங்கிக்கொண்டு அதே லாஸ் வேகாஸுக்குத்தான் போனது. இருக்கை 30 ஆனாலும் 32 ஆனாலும், கதவு பூட்டியே இருக்கிற வரைக்கும் ஓர் ஊரைக் காட்டி இன்னோர் ஊரை மிரட்டலாம்.

ஆகவே டிசம்பரில் "பிளேயர்களின் பேராசை" என்று ஃபார்வர்டு அனுப்பப் போகிறவர்கள், முதலாளிகள் கேட்கிற உச்சவரம்புக்குப் பக்கத்தில் கீழ்வரம்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள், கணக்குப் புத்தகத்தைக் காட்டுவார்களா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நான் இப்போது வெஸ்ட் ஓக்லாண்டில், ரைமொண்டி பார்க்கில் பாலர்ஸ் என்கிற டீமின் ஆட்டம் பார்க்கிறேன். 2024-ல் ஆட ஆரம்பித்த சின்ன லீக் டீம், ரசிகர்களுக்கே பங்கு விற்றார்கள், 2025-ல் லீக் கோப்பையும் ஜெயித்துவிட்டார்கள். மே கடைசியில் சீசன் தொடங்கும். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே டிக்கெட் போடலாம்.