சராசரி வேறு, நடு மதிப்பு வேறு

"வகுப்புச் சராசரி 62 என்றால் பாதிப் பிள்ளைகள் 62-க்குக் கீழேதான்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், பலரும் அதையே பகிர்கிறார்கள். அது எப்போதும் சரியாக வராதுங்க.

காட்பாடியில் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டும் கணக்கு இது. ஐந்து பேர் மதிப்பெண்: 20, 70, 72, 73, 75. கூட்டினால் 310, ஐந்தால் வகுத்தால் 62. ஆனால் 62-க்குக் கீழே இருப்பது ஒரே ஒருவர்! காய்ச்சலோடு வந்து எழுதிய பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 62-லிருந்து 42 குறைவு; மற்ற நால்வரும் 8, 10, 11, 13 கூடுதல், அதுவும் 42. சராசரி இந்தத் தூரங்களைத்தான் சமன் செய்கிறது, தலைகளை எண்ணுவதில்லை.

பாதி மேலே, பாதி கீழே என்று பிரிப்பது நடு மதிப்பு, அதாவது இடைநிலை அளவு (median). வரிசையில் நடுவில் நிற்கும் 72. மதிப்பெண்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே வரும், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது போல.

சந்தேகமிருந்தால் 20-ஐ 65 ஆக்கிப் போட்டுப் பாருங்கள். சராசரி 71-க்குத் தாவும். நடுவில் அதே 72. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் புள்ளியியல் பாடத்திலும் இரண்டும் தனித்தனியாகவே இருக்கும்.