‘வறுமையில் வாடியது’ என்பதைக் கமராவில் எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து மாணவர் குறும்படம் ஒன்றின் முதல் காட்சி எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு குடிசை. ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார். பின்னால் வயலின் அழுகிறது. ‘கொடிய யுத்தம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது’ என்று ஒரு குரல். ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளை டொக்டராகி ஊருக்குத் திரும்பி வந்துவிடும்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. இதை எடுக்கிற பிள்ளைகள் பலரின் வீட்டில் நடந்ததோடு பார்த்தால் படத்தில் காட்டுவது குறைவுதான். என் கவலை வேறு. இப்படி ஒரு படத்தை எடுத்து முடித்த பிள்ளை அதிலிருந்து ஒன்றையும் படித்திருக்காது. கட்டுரைக் கொப்பியில் எழுதிப் பழகிய வசனங்களையே ஆட்களாக்கிக் கமராவுக்கு முன்னால் நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான்.

நான் ஆசிரியர் இல்லை. கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் வீடியோ எடுக்கிறவன். சீசன் இல்லாத மாதங்களில் பரந்தன் பக்கத்துப் பிள்ளைகள் படம் எடுக்கப் போனால் கூடப் போவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படம் எடுக்கும் பிள்ளை படிக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம், தான் எழுதிய ஒரு வசனத்துக்கு முன்னால் நின்று, ‘இதைக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்?’ என்று கேட்பதுதான். எங்கள் பரீட்சை முறை இதை எங்கேயும் கேட்பதில்லை. ‘அவளது குடும்பம் வறுமையில் வாடியது’ என்று எழுதினால் சரி விழும், புள்ளி கிடைக்கும். கமராவுக்கு அந்த வசனத்தைக் காட்ட முடியாது.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த ஒரு தங்கச்சி கதை கொண்டுவந்தாள். முதல் வரியே ‘வறுமையான குடும்பம்’. காட்டு என்றேன். கிழிந்த சட்டை என்றாள். உங்கள் ஒழுங்கையில் யார் கிழிந்த சட்டை போடுகிறார்கள் என்று கேட்டேன். யோசித்தாள். ஒருவரும் இல்லை. எந்த வீட்டிலும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை நீலம் போட்டு மினுக்கித்தான் தொங்குகிறது. பிறகு சில நாள் ஆளையே காணவில்லை. திரும்பி வந்து ஒரேயொரு வரி சொன்னாள்: “அண்ணா, லோன்காரர் வாற நாளில எங்கட ஒழுங்கையில எல்லாரும் ரேடியோவைக் குறைப்பினம்.”

படம் அதிலேயே இருந்தது.

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சின்ன விளக்கம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இங்கே நுண்கடன் கொம்பனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்க வைத்துக் கடன் கொடுத்தன. அறவிடக் கிழமைக்குக் கிழமை வீட்டுக்கே ஆள் வரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்பதால் அயலுக்குள்ளேயே பகை மூளும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போனது. இதையெல்லாம் அந்தப் பிள்ளை குரல் கொடுத்து விளக்கியிருந்தால் அது செய்தி வாசிப்பு. அவள் எடுக்க வேண்டியிருந்தது ரேடியோவின் திருகையும் ஒரு கையையும்தான்.

நடிக்க அயலிலுள்ள ஒரு மாமி ஒத்துக்கொண்டார். சொந்தக் கதையைக் கேட்க மாட்டோம், நடிப்பு மட்டும்தான் என்று முதலே பேசிக்கொண்டோம். காட்சி இதுதான்: தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது, அவர் எழும்பி ரேடியோவைக் குறைக்கிறார், கதவைச் சாத்துகிறார். ஒருமுறை நடித்துக் காட்டிவிட்டு மாமி நின்றார். “பிள்ளை, இது பிழை. நான் எண்டா முதல்ல வாசல்ல கிடக்கிற செருப்பை உள்ளுக்கு எடுப்பன். செருப்புக் கிடந்தா ஆள் நிக்குதெண்டு தெரிஞ்சிடுமெல்லே.”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நாள் இருந்து எழுதிய கதையில் அந்தச் செருப்பு இல்லை. எந்தக் கட்டுரையிலும் இருக்காது. அன்றைக்குப் பின்னேரமே ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய், ‘நீங்கள் எண்டா என்ன செய்வியள்?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். படத்தை இயக்குவது என்று நான் அதைத்தான் சொல்வேன். (கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கலியாண வீடுகளில் என்னை ஒருவரும் இப்படித் திருத்துவதில்லை. ‘தம்பி, மொத்தமாத் தெரியுறன், ஒருக்கா வடிவா எடும்’ என்பதோடு சரி.)

மோட்டார் சைக்கிள்காரரைக் காட்டவே இல்லை. சத்தம் மட்டும் வரும், படலையடியில் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு போகும். அதைத் தனியாகப் பதிவு செய்வதுதான் பெரிய பாடாகிவிட்டது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியில் ஒரு போனை வெளியே பிடித்துப் பாருங்கள், மைக்கில் புயல் அடிக்கும். கடைசியில் போனைச் சுற்றி ஸ்பொஞ்சைக் கட்டி, மதகுக்குக் கீழே வைத்து எடுத்தோம். படம் ஆடினாலும் சனம் பொறுக்கும், சத்தம் கெட்டால் எழும்பிப் போய்விடும் என்பது என் தொழில் அனுபவம். பிள்ளைகள் அதைக் கடைசியாகத்தான் நம்புகிறார்கள்.

மாமிக்கு அழ வராது என்று பயந்தார்கள். அழவே தேவையில்லை. சுமார் நூறு வருடத்துக்கு முன்பு ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரு நடிகரின் ஒரே முகத்துண்டை சூப்புக் கோப்பை, சவப்பெட்டி, பெண் என்று வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்வார்கள். முகம் மாறவே இல்லை. போனில் வீடியோவை வெட்டி ஒட்டுகிற கேப்கட் செயலியில் இதைப் பத்து நிமிடத்தில் யாரும் செய்து பார்க்கலாம். பிள்ளைகளும் செய்து பார்த்தார்கள். மாமியின் சும்மா இருக்கிற முகத்துக்குப் பிறகு வெறும் வாசலைப் போட்டதும் ஒருவரும் அழுகையைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சனத்தைக் கமராக்கள் நிறையப் பார்த்துவிட்டன. மீள்குடியேறிய காலத்தில் தகரம் தந்தவரும் சைக்கிள் தந்தவரும் படம் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அதனால் இங்கே ஒரு ஆச்சிக்கு முன்னால் கமராவை நீட்டினால், கேட்காமலே துயரக் கதையைத் தொடங்கிவிடுவார். கமரா அதைத்தான் கேட்கும் என்று அவருக்குப் பழகிவிட்டது. அதே ஆச்சி கமராவை மூடி வைத்ததும் மகளின் மாடு வயலுக்குள் போன கதையைச் சொல்லிச் சிரிப்பார். மாணவன் காத்திருந்து பிடிக்க வேண்டியது இந்த இரண்டாவது ஆச்சியை.

மேடை நாடகம் எங்கள் பள்ளிக்கூடங்களில் வேரோடியிருப்பதால் பிள்ளைகள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசித்தான் பழகியிருக்கிறார்கள். அதைக் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடுவார்கள். கஷ்டம், வீட்டில் கதைக்கிற மாதிரி எழுத வைப்பதுதான். பேனையை எடுத்ததும் கிளிநொச்சிப் பிள்ளை சென்னைப் படக் கதாநாயகன் ஆகிவிடுகிறது.

‘படிப்புக் கெட்டுப்போகும்’ என்று பெற்றோர் சொல்வது எனக்கு விளங்குகிறது. உயர்தரத்துக்கு இடையில் எடுக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சும்மா கிடக்கிற மாதங்கள் இருக்கின்றனவே. அந்த நேரத்தில் டிக்டொக் பார்க்கிற அதே போன் போதும்.

போட்டி வைக்கிற ஆட்களிடம்தான் என் வேண்டுகோள். ‘யுத்தத்தின் வடு’, ‘தாயின் தியாகம்’ என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். தலைப்புக் கொடுத்தால் பிள்ளை கட்டுரைக் கொப்பியைத்தான் தேடும். மூன்று நிமிடம், பின்னணி இசை கூடாது, பின்னணிக் குரல் கூடாது என்று மட்டும் விதி போடுங்கள். முதல் வருடம் வருகிற படங்களில் பாதி விளங்காமல் இருக்கும், நடுவர்களும் முறைப்பார்கள். பரவாயில்லை, இரண்டாம் வருடமும் அதே விதியோடு வையுங்கள். ஒலிப்பதிவுக்கு ஆள் தேவை என்றால் நான் காசு வாங்காமல் வருகிறேன். வைகாசி, ஆனியில் மட்டும் கேட்காதீர்கள், கலியாண சீசன்.