கொன்ற வண்டிக்கு விலை போட்ட சட்டம்

டியோடண்ட் என்றால் 'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது'. லத்தீனிலிருந்து வந்த பழைய ஆங்கிலேயச் சட்டச் சொல். மாடு முட்டியோ வண்டி ஏறியோ ஒருவர் செத்துப்போனால், மரண விசாரணை ஜூரிகள் (ஊராரிலிருந்து எடுத்தவர்கள்) அந்த மாட்டுக்கோ வண்டிக்கோ விலை போடுவார்கள். சொந்தக்காரர் அதை அரசருக்குக் கட்ட வேண்டும். பணம் தர்ம காரியத்துக்குப் போகும் என்பது ஏற்பாடு.

நின்ற வண்டியின் சக்கரத்தில் ஏறும்போது விழுந்து செத்தால் சக்கரத்துக்கு மட்டும்தான் விலை. ஓடுகிற வண்டி என்றால் மொத்த வண்டிக்கும்.

ஜூரிகள் பெரும்பாலும் சில்லறைத் தொகையே போட்டார்கள். ரயில் வந்ததும் கதை மாறியது. 1841 டிசம்பர் 24, இங்கிலாந்தின் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் சானிங். மழையில் சரிந்து கிடந்த மண்ணில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில் விடியுமுன் மோதியது. மூன்றாம் வகுப்புப் பயணிகளின் கூரையில்லாத வண்டிகளை எஞ்சினுக்கும் கனமான சரக்கு வண்டிகளுக்கும் நடுவில் கோர்த்திருந்தார்கள். ஒன்பது பேர் செத்தார்கள். பலர் நாடாளுமன்றக் கட்டட வேலை செய்த கொத்தனார்கள், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பியவர்கள். ஜூரிகள் எஞ்சினுக்கும் வண்டிகளுக்கும் 1000 பவுண்டு போட்டார்கள். அந்தத் தொகை கடைசியில் நிலைக்கவில்லை. ஆனாலும் அந்த ஜூரிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. கையில் இருந்த ஒரே பழைய ஆயுதத்தை முதலாளியை நோக்கித் திருப்பினார்கள்.

1846இல் டியோடண்டை ஒழித்தார்கள். அதே ஆண்டு கேம்ப்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம், இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. அதைப் பார்த்து எழுதியதுதான் நம் நாட்டின் 1855ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பத்துக்குப் பணம் போவது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கொன்ற பொருளையும் அதன் சொந்தக்காரரையும் ஊரார் சேர்ந்து உட்கார்ந்து விசாரித்த அந்த வழக்கமும் கூடவே போய்விட்டது. அதை விட்டிருக்கக் கூடாது.

உறவினர் ஒருவர் பேருந்து மோதி இறந்தார். வழக்குக்காக அவர் மனைவியோடு நானும் அலைந்தேன். வயது, சம்பளச் சான்று, பெருக்கல் எண் (நஷ்டஈடு கணக்கிட வருமானத்தைப் பெருக்கும் எண்), சரி, எல்லாம் கேட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று ஓட்டுநர் பெயர் இருந்தது. அவரை எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டவைத்தார்கள், பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பேருந்து மறுவாரமே அதே வழித்தடத்தில் ஓடியது. அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.