ஈ மொய்ச்ச அந்த ஒரு மணி நேரம்

சீன பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டே, அதாவது கலைஞர் தன் உடம்பையே வெச்சு நேர்ல செஞ்சு காட்டுற கலையே, வெறும் அதிர்ச்சி வைத்தியம்னு உங்க கட்டுரையில ஒரே வரியில முடிச்சிட்டீங்க, என்னால ஒத்துக்கவே முடியல. 1994-ல சீனக் கலைஞர் ஜாங் ஹுவான் பண்ணுன '12 சதுர மீட்டர்'ங்கற நிகழ்வை எடுத்துக்கோங்க. பெய்ஜிங் ஓரத்துல ஈஸ்ட் வில்லேஜ்னு கலைஞர்களே பேர் வெச்சுக்கிட்ட ஏழைப்பட்ட இடம், வெளியூர்ல இருந்து பிழைக்க வந்தவங்க நிறைய இருந்தாங்க, அங்க இருந்த பொதுக் கக்கூஸ்ல உடம்பு பூரா தேனும் மீன் எண்ணெயும் பூசிக்கிட்டு ஒரு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தாரு. ரோங்ரோங் எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க, காது, தோள்பட்டை, மொட்டைத்தலை எல்லாம் ஈ, முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. முடிஞ்சதும் பக்கத்துக் குட்டைக்குள்ள இறங்கி நடந்து போயிட்டாரு. அந்தக் கக்கூஸைத்தான் அக்கம்பக்கத்துல உள்ளவங்க தெனமும் பயன்படுத்தினாங்க, அதை விட்டுட்டு அதிர்ச்சின்னா எப்படிங்க?

அதே வருஷம் போலீஸ் கலைஞர்களை அங்கிருந்து கிளப்பிட்டாங்க, அங்க இருந்த இன்னொரு கலைஞர் மா லியூமிங் நிர்வாணமா நிகழ்ச்சி பண்ணுனதுக்குக் கைதாகி உள்ள இருந்தாரு. கேலரி, பணம், அனுமதி எதுவும் இல்லாதவங்க கையில மிச்சம் இருந்தது உடம்பு மட்டும்தான். 1997-ல அதே ஜாங் ஹுவான் கூலி வேலைக்கு வந்த நாப்பது பேரை ஒரு மீன் குளத்துல இறங்கி நிக்க வெச்சாரு, தண்ணி மட்டத்தைக் கொஞ்சமாவது உசத்தணும், அவ்வளவுதான். அந்த போட்டோவை முதல் தடவை பார்த்தப்போ ரொம்ப நேரம் பேச்சே வரல எனக்கு.